அழகர் கடைக்கு ஓர் ஆட்சேபனை

ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கடையைத் திறந்து வைப்பது என்று அழகர் முடிவு செய்தார். சாதாரண முடிவு இல்லை. கொத்து ரொட்டி போடுகிற இரண்டு தகடுகளையும் இரும்புத் தட்டில் 'டங்' என்று ஒரே அடியாக அடித்துச் செய்த முடிவு.

"மரக்கறி லொறியெல்லாம் ராத்திரிதான் கொழும்புக்கு எறங்குது. இந்தப் பெரகல சந்தியில ஒரு டிரைவருக்கு ஒரு வாய் சாப்பாடு கெடைக்குதா? பாவமா இல்லையா?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

பொய். டிரைவர்கள் மேல் அவருக்கு ஒரு பாவமும் இல்லை. சந்திக்கு மேலே அவர் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குழாயில் தண்ணீர் வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு. கல்யாணமான பதினொரு வருஷமாக அந்த நேரத்தில், பனியில் பல் கிட்ட, தண்ணிப் பீப்பாயான பெரலுக்கு ரப்பர் ஓஸ் பிடித்து நிற்பவர் அழகர். கடை இரண்டு மணி வரை இருந்தால் ஓஸை யார் பிடிப்பது? மனைவி கலாராணி பிடிப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

விண்ணப்பம் போட்டார். பிரதேச சபையிலிருந்து வந்து கடைக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தரவும். யார் தரப்போகிறார்கள் என்று அழகர் மெத்தனமாக இருந்தார். பதின்மூன்றாம் நாள் ஒன்று வந்து விழுந்தது.

சபைக்கு ஓடினார். கோப்பு கிளார்க் ஜிப்னாவின் மேசையில் இருந்தது.

"யாரு மிஸ் எழுதினது?"

"பேர் சொல்ல ஏலாது. விசாரணை அன்டைக்குத் தெரியும்."

"பேர் வேணாம். ஆம்பளையா பொம்பளையா?"

"ஏலாது."

"சரி, நல்லவங்களா கெட்டவங்களா? அதையாச்சும் சொல்லுங்க."

ஜிப்னா சிரிப்பை விழுங்கினார். "எழுதியிருக்கிறத வாசிக்கிறேன். பதில் எழுதிக்கொண்டு வாங்க."

ஒன்று: பத்து மணிக்கு மேல் கொத்துச் சத்தம் கேட்டால் சந்தியில் ஒரு பிள்ளையும் தூங்காது. இரண்டு: கடைக்காரர் எட்டு மணிக்கே கொட்டாவி விடத் தொடங்கிவிடுவார், கொட்டாவி வந்தால் முட்டையை ஓட்டோடு போடுவார். மூன்று: கடையில் ராத்திரிக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை.

அழகருக்கு மண்டை குடைந்தது. கொட்டாவி விஷயம் எப்படி வெளியே போனது? போன மாதம் முட்டைக் கொத்தில் ஓட்டைக் கடித்தது ஒரே ஒரு ஆள். பக்கத்து ஹார்ட்வெயார் ஜுனைதீன்.

சண்டைக்குப் போகவில்லை. தந்திரமாகப் போனார், கையில் ஒரு கோழிக் கொத்துப் பார்சலோடு.

"நானா, சும்மா சாப்பிடுங்க," என்று அண்ணன் முறை வைத்து நீட்டினார்.

ஜுனைதீன் பார்சலைச் சந்தேகமாகப் பார்த்தார். "சும்மாவா? ஒரு கறிவேப்பிலை கூட நீ சும்மா தந்ததில்லையே. எனத்துக்கு இது?"

"நீங்க நல்லா எழுதுவீங்களாமே நானா."

"நானா? நான் பில்லுல எழுதுறத நானே அடுத்த நாள் வாசிக்க ஏலாம நிக்கிறேன்."

"அந்த முட்டை ஓட்ட இன்னும் மனசுல வச்சிருக்கீங்களோ?"

"மனசுல இல்ல. பல்லுலதான் ஈக்குது."

"அப்ப ராத்திரிக் கடைக்கு உங்களுக்கு ஆட்சேபனை இல்ல?"

"ஓய், நீ விடிய விடியத் தொறந்து வச்சா என் கடைக்குக் காவல்காரன் சும்மா கெடைச்ச மாதிரி. நான் எழுதுவேனா?"

நியாயம்தான். ஜுனைதீன் பார்சலை விரித்து, ஓடு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். அழகருக்கு ஒரு பார்சல் நட்டம். மண்டைக் குடைச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் கலாராணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆவல் தாங்கவில்லை.

"யாருன்னு தெரிஞ்சுதாங்க?"

"தெரியல புள்ள. ஆனா நம்ம கடைய உள்ள வெளிய தெரிஞ்ச ஆளு. சரியான மூளைக்காரன்."

"மூளைன்னா சொல்றீங்க?" கலாராணியின் முகம் மலர்ந்தது. துருவல் வேகம் கூடியது.

"பதில் எழுதணும். நீ எழுது. ஒன் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். சத்தமே வராதுன்னு எழுது. எனக்குத் தூக்கமே வராதுன்னு எழுது. தண்ணி தாராளம்னு எழுது."

அவர் சொன்னது மூன்று வரி. அவள் எழுதியது ஒரு பக்கம்.

"என்ன புள்ள, இம்புட்டு நீளம்?"

"சபைக்குப் போறதுங்க. மரியாதையா எழுத வேணாமா?"

வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் அழகர் நினைத்தார். அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. குழாய் சீறியது. அவள் விரல் வைத்த இடத்தில் ஒப்பத்தைப் போட்டுவிட்டு ஓஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

விசாரணை நாள். சபைத் தலைவர் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தார். கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"அழகர், ஆட்சேபனையும் பதிலும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே. உங்க மேல உங்களுக்கே ஆட்சேபனையா?"

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ரெண்டும் நான் எழுதினதுதாங்க ஐயா," என்றாள் கலாராணி.

அழகர் திரும்பினார். ஊரெல்லாம் தேடிய ஆள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன் புள்ள, வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல சொன்னா 'ம்'னுட்டுப் போயிருவீங்க. இங்க சொன்னா சீல் குத்துவாங்க." தலைவரிடம் திரும்பினாள். "கடை வேணாம்னு சொல்ல வரலைங்க ஐயா. கடை வேணும். ஒழுங்கா வேணும். எல்லாத்துக்கும் அவரே பதில் குடுத்து ஒப்பம் வச்சிருக்காரு."

தலைவர் பதிலைச் சத்தமாக வாசித்தார். ஒன்று: பத்து மணிக்கு மேல் கொத்து கிடையாது, ரொட்டியும் சம்பலும் பார்சலாக மட்டும். இரண்டு: ராத்திரிக் கடை என் மனைவி கலாராணியின் பொறுப்பில் நடக்கும். மூன்று: தினமும் கடைக்கு இரண்டு பெரல் தண்ணீர் நானே நேரில் நின்று பிடிப்பேன்.

"இது நான் சொன்னதில்ல சேர்!"

"ஒப்பம் உங்களோடதா?"

"என்னோடதுதான், ஆனா..."

"நல்ல பதில். இப்படிப் பொறுப்பா யாரும் எழுதி நான் பார்த்ததில்ல," என்றார் தலைவர். மூன்று பதிலும் மூன்று நிபந்தனையாயின. ஜிப்னா சீலைக் குத்தினார்.

முதல் ராத்திரி ஏழு லொறி நின்றது. கலாராணி கல்லாவில் இருந்தாள். சந்திக் குழாயிலும் ஒன்பது மணித் தண்ணீர்தான். ஆகவே லயத்துப் பெரலை நிரப்பிவிட்டு அழகர் மூச்சிரைக்க இறங்கி வந்து, கடையோரத்தில் அடுத்த பெரலுக்கு ஓஸ் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பு ஒரு பெரல். இப்போது மூன்று.

பார்சலை வாங்கிய டிரைவர் எட்டிப் பார்த்தார். "யாரு அக்கா அது, இந்தப் பனியில நின்னு நடுங்குறது?"

"அதுவா?" மீதிக் காசை எண்ணிக் கொடுத்தாள் கலாராணி. "அது லைசன்ல மூணாவது நிபந்தனை."