செம்புத் தண்ணீரில் டெல்லி தரிசனம்

வயிற்றுவலிக்கு விபூதி கொடுக்கிற சாமியாரெல்லாம் பழங்கதை. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. நாடே ஐந்தாண்டுத் திட்டம் போட்டு முன்னேறும்போது சாமியார் மட்டும் பின்தங்கி நிற்பாரா? பெங்களூர் ஜோகுபாளையத்தில் வந்து இறங்கினார் ஞானதிருஷ்டி சுவாமிகள். பேய், பிசாசு, பிள்ளை வரம் எதையும் அவர் தொடமாட்டார். அவர் பார்ப்பது டெல்லி சர்க்காரின் ஃபைல்களை மட்டும்!

உள்ளூர்த் தொழிலில் வெளிநாட்டுக் கம்பெனி பணம் போட வேண்டுமென்றால் டெல்லியின் அனுமதி வேண்டும். அது சட்டம். மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராத ஆசாமிகள்தான் சுவாமிகளின் மூலதனம். அந்த முதலீட்டுக்கு எந்தச் சர்க்காரும் கட்டுப்பாடு விதிக்கவில்லை, பாருங்கள்!

சந்து முழுக்கக் கார். மல்லேஸ்வரத்து பல்பு ஃபேக்டரி முதலாளி வந்தார். விவேக் நகர் பிஸ்கட் கம்பெனி ஓஸ்வால்ட், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியும் மனசு ஆறாமல் இங்கேயும் வந்து வரிசையில் நின்றார். வாசலில் காரியதரிசி கஸ்தூரிரங்கன் உட்கார்ந்திருப்பார். தேங்காய், பழம், வெற்றிலை, அதோடு டெல்லிக்கு அனுப்பிய மனுவின் கார்பன் காப்பி. இவ்வளவும் அர்ச்சனைத் தட்டில் இருக்க வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டு அவர் சுவாமிகளுக்குப் பின்னால் தொங்கும் திரைக்குள் போய்விடுவார்.

"காப்பி இல்லாம அர்ச்சனை பலிக்காது சார். ஒவ்வொரு தரிசனத்துக்கும் புதுக் காப்பி. பழசுல சக்தி போயிடும்."

அர்ச்சனை முடிய இரண்டு மணி நேரம். பிறகு சுவாமிகள் வாய் அகன்ற செம்புக்குள் உற்றுப் பார்ப்பார். தண்ணீரில் டெல்லி தெரியும். எந்த நாட்டுக் கம்பெனி, என்ன மெஷின், எத்தனை பங்கு, எல்லாம் அட்சரம் பிசகாமல் வரும். படித்தவர்கள், பட்டம் வாங்கினவர்கள், பேன்ட் கசங்குவதையும் பார்க்காமல் தடால் தடாலென்று விழுந்தார்கள்.

விழுந்தவர்களில் ஸ்ரீகண்டன் ஒருவர். பழைய மெட்ராஸ் ரோட்டில், பாய்லர் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் செய்கிற பட்டறைக்காரர். ஒரு ஜெர்மன் கம்பெனி அவரோடு கூட்டுச் சேர ஒப்புக்கொண்டிருந்தது. அதை நம்பி வீட்டை அடகு வைத்துப் புது ஷெட் கட்டிவிட்டார். டெல்லியிலிருந்து கடிதமும் வந்தது: மூன்று கேள்விகளுக்கு மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி.

சுவாமிகள் செம்பைப் பார்த்துச் சொன்னார்: "சனி பார்க்கிறான். பதில் எழுதாதே. தை பிறக்கட்டும்."

ஸ்ரீகண்டன் எழுதவில்லை. கடிதத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை அலமாரியில் ஏற்றிவிட்டார். சர்க்கார் கேட்ட கேள்விக்குக் கற்பூரம் காட்டிய மகானுபாவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

அவர் மனைவி கோமளம் அலமாரி முன்னால் வந்து நின்றாள்.

"ஏன்னா, வீடு போயிடும்னா! கேள்வி கேட்டா பதில் சொல்லணும். பூ வெச்சா ஆச்சா?"

"நோக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம ஃபைல்ல இருக்கறதை அவர் புட்டுப் புட்டு வெச்சார். முப்பது மெஷின்னார், தெரியுமோ?"

"முப்பதா? நமக்குப் பதிமூணுதானே? டைப்ல தப்பா விழுந்ததை டெல்லிக்குப் போற தாள்ல மட்டும் பேனாவால திருத்தினேளே! கார்பன்ல திருத்தலையே. டெல்லி மேஜைல பதிமூணு இருக்கச்சே, அவர் கண்ணுக்கு முப்பது எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்ரீகண்டன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மகான்களைச் சந்தேகப்படப்படாது," என்று எழுந்து போய்விட்டார்.

கோமளம் மேற்கொண்டு வாதாடவில்லை. டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து புதுக் காப்பி ஒன்று அடித்தாள். எல்லாம் பழையபடியே. ஃபேக்டரி விலாசம் மட்டும்: அல்சூர் ஏரி, நடுத் தீவு.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் போனார்கள். தட்டை ஏந்தியது கோமளம். அர்ச்சனை முடிந்தது. சுவாமிகள் செம்புக்குள் குனிந்தார்.

"தெரியறது... ஜெர்மனி... பிரஷர் கேஜ்... அதிகாரி படத்தை விரிச்சு வெச்சிருக்கார். சுத்தித் தண்ணி! ஆஹா, அல்சூர் ஏரி நடுத் தீவுல உன் ஃபேக்டரி எழும்பறது! ஜல தோஷம்! அதான் தடை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஸ்ரீகண்டன் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

"சாமி, என் ஷெட் பழைய மெட்ராஸ் ரோட்டுல இருக்கு."

"மனுவிலே தீவுன்னு இருக்கே!"

"டெல்லிக்குப் போன மனுவுல இல்லை," என்றாள் கோமளம். "காலம்பற உங்க வாசல்ல கொடுத்த காப்பில மட்டும்தான் இருக்கு. நான்தான் அடிச்சேன்."

"அல்சூர் தீவுலயா?" என்றார் ஓஸ்வால்ட். "அங்கே கொக்குதானே மேன் குடியிருக்கு!"

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பியது.

சுவாமிகள் கையைத் தூக்கினார். "இது தெய்வ சோதனை!"

"சோதனைதான் சாமி. பண்ணினது நான்."

ஓஸ்வால்ட் செம்பை எடுத்துச் சாய்த்தார். உள்விளிம்பில் மெழுகால் ஒட்டிய துண்டுச் சீட்டு. கஸ்தூரிரங்கன் கையெழுத்து. அதில் ஜெர்மனியும் இருந்தது, தீவும் இருந்தது. திரையை விலக்கினால் காரியதரிசி, மடி நிறையக் காப்பியும் வாய் நிறையத் தேங்காயுமாக உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஆள் தங்கள் காப்பியைப் பிடுங்கப் பாய்ந்த அமளியில் ஞானதிருஷ்டி சுவாமிகள் கொல்லைப்புறக் கதவைத் திருஷ்டி தப்பாமல் கண்டுபிடித்து ஓடினார். "ஐயோ, இனிமே என் ஃபைலை யார் பார்ப்பா?" என்று அழுதார் பல்பு முதலாளி.

வீட்டில் ஸ்ரீகண்டன் கடிதத்தின் குங்குமத்தைத் துடைத்துவிட்டு முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தார். ஜெர்மன் கம்பெனிக்குக் கொடுக்கும் ராயல்டி எவ்வளவு? எத்தனை வருஷத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கற்றுக் கொடுப்பாய்? வெளிநாட்டுக்கு எவ்வளவு விற்பாய்?

"இவ்வளவுதானா? இதெல்லாம் நேக்குத் தெரியுமே!"

"தெரிஞ்சதை எழுதத்தான் ஒரு மாசமா கத்தினேன்," என்றாள் கோமளம். அவள் கண் கலங்கியிருந்தது.

எழுதி, ஒட்டி, செருப்பு மாட்டியவர் காலண்டரைப் பார்த்துத் தயங்கினார். "ராகு காலம் நாலரைக்கு முடியறது..."

"தபாலாபீஸ் கவுன்ட்டர் நாலு மணிக்கு மூடறான். ஓடுங்கோ!"

ஓடினார். ராயல்டியைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார். அனுமதி வந்தது. சனி குறுக்கே வந்ததாகத் தகவல் இல்லை. பல்பு முதலாளிக்கும் டெல்லி கேள்வி அனுப்பியிருக்கிறதாம்; அவர் மைசூர் ரோட்டில் வேறு சாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சர்க்கார் கேள்வி கேட்டால் பதில் எழுதுங்கள் ஐயா. சாமியார் பதில் சொன்னால் கேள்வி கேளுங்கள். இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு, கிரகத்தின் மேல் பழி போடாதீர்கள்!