மலைக்காய்ச்சலை முன்கூட்டியே முடித்த வரலாறு

உலகத்தில் ஆரம்பித்த காரியங்களில் பாதி முடிவதில்லை. மீதிப் பாதி, முடியவேண்டிய காலத்துக்கு ரொம்பப் பிந்தி முடிகிறது. நாளுக்கு முன்பே, அதுவும் மகத்தான வெற்றியோடு முடிந்த காரியம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது மலைக்காய்ச்சல் மருந்துப் பரிசோதனை. ஐம்பத்தெட்டாம் வருஷம் கொல்லிமலையில், சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. நடத்தியது ஒரு சர்வகலாசாலை. பெயர் சொல்ல மாட்டேன். அவ்வளவு புகழை அது தாங்காது.

பேராசிரியர் மாணிக்கம் அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக டோலியில் மேலே வந்தார். அவர் பின்னால் கம்பவுண்டர் செல்லமுத்து. அவருக்கும் பின்னால், தலைச்சுமையாக இரண்டு பெரிய தகர டப்பாக்கள். அன்றைக்கே 'மேற்பார்வைக் கமிட்டி' ஒன்று அமைந்தது. அதில் நானும் அங்கத்தினன். என் தகுதியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஊரில் நாற்காலி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பேராசிரியர் அதில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று மேற்பார்த்தேன்.

விஞ்ஞானம் தெரியாத அன்பர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டப்பாவில் நிஜ மருந்து. இன்னொன்றில், பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி, வெறும் சர்க்கரை மாத்திரை. காய்ச்சல்காரர்களில் மேல்வளவில், அதாவது ஊரின் மேட்டு வீடுகளில், இருப்பவர்களுக்கு ஒரு டப்பா, கீழ்வளவில் இருப்பவர்களுக்கு மற்றது. எந்தப் பக்கம் அதிகம் பிழைக்கிறது என்று பார்ப்பார்கள். யாருக்கு எது என்பது பரம ரகசியம். அந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று, பேராசிரியர். இன்னொன்று, நாக்கு உள்ளவர்கள். ஏனென்றால் நிஜ மருந்து கசந்தது.

கீழ்வளவில் முத்தன் என்று ஒருவன். எவ்வளவு உயரமான பலாமரமாக இருந்தாலும் அணில் மாதிரி ஏறுவான். அப்போது கம்பளிக்குள் கிடந்து பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய்த்தது இனிப்பு. அவன் பெண்சாதி இருசாயி ஒரு மாத்திரையை நக்கிப் பார்த்துவிட்டு, நேரே ஊர்க்காரியம் பார்க்கும் காத்தானிடம் போய் நியாயம் கேட்டாள்.

எங்கள் ஊரில் வேட்டையில் பன்றி விழுந்தால் அடித்தவன் வீட்டோடு கறி நிற்காது. இலையை விரித்து, வீட்டுக்கு ஒரு கூறு போட்டுவிடுவார்கள். காத்தான் மாத்திரைக்கும் அதே சட்டத்தை அமல்படுத்தினார். கசப்பையும் இனிப்பையும் வாழையிலையில் கொட்டி, நோயாளி எல்லாருக்கும் பாதி அது, பாதி இது என்று பங்கு பிரித்தார்கள். வாக்குவாதமே இல்லை.

மருந்து பாதி என்றால் காய்ச்சலும் பாதி மரியாதைதானே காட்டும்? முத்தன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அப்புறம் மறுபடி படுத்தான். மேல்வளவிலும் அதே கதை. பேராசிரியர் இரண்டு வளவையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மருந்தும் சர்க்கரையும் சரிசமம் என்ற அரிய உண்மையைக் கண்டுபிடித்தார். காத்தான் அவரிடம் கூறு போட்ட கதையை மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "அது பரிசோதனைக்கு வெளியே நடந்தது. வெளியே நடந்தது நடக்காததற்குச் சமம்" என்றார்.

கமிட்டி கூடியது. பரிசோதனையை நடுவிலேயே நிறுத்துவதற்கு உள்ள காரணங்களைப் பேராசிரியர் எடுத்துரைத்தார். மருந்து பிரமாதமாக வேலை செய்தால் நிறுத்தலாம், எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். ஆளைக் கொன்றாலும் நிறுத்தலாம். ஒன்றுமே செய்யாவிட்டாலும் நிறுத்தலாம். வீணாக ஜனங்களை வருத்துவானேன்? மூன்றும் நோயாளியின் நன்மைக்காக. நாலாவது காரணத்தைச் செல்லமுத்துதான் என் காதில் சொன்னார். சீமையில் ஒரு மாநாடு, கப்பல் டிக்கெட் வந்துவிட்டதாம். அதுவும் யாரோ ஒருவருடைய நன்மைக்குத்தான். 'பயனின்மை காரணமாக உடனே நிறுத்துவது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அதை ஆட்சேபணையாக யாரும் பதிவு செய்யவில்லை.

மறுநாள் மூட்டை கட்டும்போது இருசாயி வந்து டோலிக்கு முன்னால் நின்றாள்.

"பாதி மாத்திரைக்கே எந்திரிச்சு உக்காந்தாருங்க. அந்தக் கசப்பை முழுசாக் குடுத்துப் பாருங்க சாமி, நடந்துருவாரு."

"அந்த மருந்தால் பயனில்லை என்று நிரூபித்துவிட்டோமே அம்மா."

"பயனில்லாததை எதுக்குங்க சுமந்துட்டுப் போறீங்க? எங்கூட்டுல போட்டுட்டுப் போங்க."

அது சர்வகலாசாலையின் சொத்து, திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். ஆனாலும் இளகிய மனசு. சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டும் சமம் என்று விஞ்ஞானமே சொன்ன பிறகு அவளுக்கு என்ன குறை?

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியருக்குக் குளிர் கண்டது. நல்ல வெயிலில் முழங்கால் இரண்டும் தாளம் போட்டன. டோலிக்குள் சாய்த்துப் போர்த்திவிட்டோம். செல்லமுத்து வேலையில் சுத்தமான மனுஷர்.

"எதுங்க ஐயா எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

"கசப்பு."

"ரெண்டும் சமம்னு..."

"கசப்பு. முழு அளவு" என்றார் பேராசிரியர். பல் தந்தியடித்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது.

இருசாயி இடுப்பிலிருந்த டப்பாவை இறக்கி அவர் மடியில் வைத்தாள். "மாத்திக்கலாமுங்களா? உங்களுக்கு இது, எங்கூட்டுக்காரருக்கு அது. ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். படித்தவர்கள் ஆழ்ந்து சிந்திக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். செல்லமுத்து இனிப்பு டப்பாவை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். டோலி இறங்கியது. கசப்பு டப்பா பேராசிரியரின் கைக்குள் பத்திரமாகப் போயிற்று. அடிவாரத்தில் சில நாள் தங்கி முழுக் குணமாகி, கப்பலையும் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஊரே மகிழ்ந்தது.

அறிக்கை அடுத்த வருஷம் அச்சாகி வந்தது. செல்லமுத்து மிளகு வாங்க வந்தபோது சொன்னார். பரிசோதனை நடந்த காலத்தில் ஓர் உயிர்ச்சேதம்கூட இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களாம்.

சத்தியமான வார்த்தை. முத்தன் செத்தது பரிசோதனை முடிந்த பிறகுதான். அவன் சாவதற்குள் முடித்துவிட்டார்கள் பாருங்கள், அதுதான் படிப்பு.