மூன்று செருப்புத் தூரம்

முப்பத்தெட்டு வயதில் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுத உட்கார்ந்த ஓராலியாவுக்கு ஒரே கவலைதான். பாஸ் பண்ண வேண்டும். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூட வாங்கிவிடக் கூடாது.

பதினொரு வருடம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தவள் அவள். ஒப்பந்த வேலை. இந்த ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் நாற்காலியில் இப்போது ஆசிரியர் சங்கத் தலைவரின் மைத்துனி உட்கார்ந்திருக்கிறாள். ஒளிச்சேர்க்கை ராத்திரியில் நடக்கிறது என்று அவள் பாடம் எடுப்பதாகக் கேள்வி.

ஓராலியாவும் ஒன்பது வயது மகள் மிரேயாவும் அக்கா வீட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புருஷன் எலிசெயோ தினமும் தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் அவர்களைத் தாண்டிப் போவார்.

"படுங்க, படுங்க. என் வீட்டுல நான்தான் சுத்திப் போகணும்."

கனடாவில் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் எட்டு மாத வேலை. யோசனை சொன்னது பக்கத்து வீட்டு தோமித்திலா. ஆறு பருவம் போய் வந்தவள்.

"கிராமத்து ஆளா இருக்கணும். புள்ள இருக்கணும், அப்பதான் திரும்பி வருவேன்னு நம்புவாங்க. கை காய்ச்சிருக்கணும். படிப்பு ஆறாவதுக்கு மேல போடாத."

"நான் பட்டம் வாங்கினவ தோமித்திலா."

"அதை வெளிய சொல்லாத. பல்கலைக்கழகம்னு எழுதினா காகிதம் நேரா குப்பைக்கூடைக்குப் போயிரும்."

"ஏன்?"

"படிச்சவ குனிய மாட்டா. குனிஞ்சாலும் ஏன் குனியணும்னு கேப்பா."

ஓராலியாவின் ஆறாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு வெள்ளத்தில் போயிருந்தது. பட்டச் சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருந்தது. நகல் கேட்டால் கணினியில் மற்ற படிப்பெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். முதியோர் கல்விக்காரர்களிடம் கணினி இல்லை, நோட்டுதான். அதனால்தான் இந்தப் பரீட்சை.

முதல் பதின்மூன்று கேள்விகளில் நான்கைக் கஷ்டப்பட்டுத் தப்பாக எழுதினாள். பதினான்காவது கேள்வி: 'செடிகள் சுவாசிப்பது பகலிலா, இரவிலா?' இரண்டிலும் என்ற விடையே தாளில் இல்லை. பேனாவைக் கீழே வைத்தாள். எடுத்தாள். ஓரத்தில் 'இரண்டிலும்தான். கேள்வி தவறு' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அதற்குப் பிறகு கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. தப்பாக எழுதிய நான்கையும் திருத்தியது.

மாவட்டத்திலேயே முதலிடம்.

முதியோர் கல்வி ஒருங்கிணைப்பாளர் பூங்கொத்தோடும் இரண்டு எக்காளக்காரர்களோடும் வீட்டுக்கே வந்துவிட்டார். மறுநாள் ஊர்ச் சதுக்கத்தில், அவள் வேலை பார்த்த பள்ளிக்கு எதிரிலேயே, பெரிய பேனர் ஏறியது. 'முப்பத்தெட்டு வயதில் ஆறாம் வகுப்பு! ஒரு தாயின் வெற்றி!' கீழே அவள் முகம், ஒரு கதவு அகலத்துக்கு.

எலிசெயோ பேனரை ரசித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்போ பதினொரு வருஷமா ஆறாவதுகூட பாஸ் பண்ணாமத்தான் பாடம் எடுத்தியா? இந்த ஊர்ப் புள்ளைங்க ஏன் இப்படி இருக்குன்னு இப்பத்தான் புரியுது."

கனடா விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்த பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. கறுப்பு மையால் பேனரின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள்: 'கனடாவில் கலக்குங்க டீச்சர்!'

"மறைக்கத்தானே சொன்னேன்?" தோமித்திலா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ பேனர் கட்டிட்ட."

"அத்தான், அதைக் கழட்டி எரிச்சிடுங்க," என்று ஓராலியா கெஞ்சினாள்.

எலிசெயோ கழற்றினார். ஆனால் நல்ல தடித்த பேனரை எரிக்க அவருக்கு மனசு வரவில்லை. தன் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு மேல் போர்த்திக் கட்டிவிட்டார். வாரம் ஐந்து நாள் அது பன்னிரண்டு கிராமங்களைச் சுற்றியது.

அடுத்தது கை. தோமித்திலா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது சாக்பீஸ் கை. அதிகாரி முதல்ல இதைத்தான் தொட்டுப் பாப்பான்."

மூன்று நாள் எலிசெயோவின் மண்வெட்டியால் கொல்லையைக் கொத்தினாள். காய்ப்பு வரவில்லை, கொப்புளம் வந்தது. கொப்புளத்தை வற்ற வைக்க, சோளம் ஊற வைக்கிற சுண்ணாம்புத் தண்ணீரில் கையை முக்கச் சொன்னாள் தோமித்திலா. எவ்வளவு நேரம் என்று சொல்ல மறந்துவிட்டாள். ஓராலியா சோளத்தின் கணக்குக்கு, ராத்திரி முழுக்க ஊற வைத்தாள். தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது.

விண்ணப்பத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் கைரேகை இயந்திரம் நாலு தரம் சிவப்பாக மினுங்கியது.

"உங்களுக்கு ரேகையே இல்லையேம்மா," என்றான் அங்கிருந்தவன்.

"இருந்துச்சு சார்."

"இங்க ஒரு ஆளு இருக்கறதாவே இது ஒத்துக்க மாட்டேங்குது. பதினஞ்சு நாள் கழிச்சு விரலோட வாங்க."

பதினைந்து நாள் சோற்றுக்கற்றாழை தடவினாள். ரேகை திரும்பி வந்தது, பதிவும் ஆனது. கூடவே கை முன்னைவிட மிருதுவாக, குழந்தைக் கை போலச் சிவந்து போயிருந்தது. நேர்காணலுக்கு இருந்ததோ இரண்டே நாள்.

இந்தப் பருவத்துக்கு அதுதான் கடைசி நேர்காணல். "கிடைக்கலன்னா ஒண்ணாம் தேதியிலேர்ந்து அடுப்படிக்கு வேற ஆளு வருது. என் தம்பி," என்று எலிசெயோ சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, தலைநகரில் கனடாவுக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் வரை தானே வண்டியில் கொண்டுவந்து விட்டார். அதுவும் வாசலிலேயே.

இறங்கிய பிறகுதான் ஓராலியா திரும்பிப் பார்த்தாள். பேனர் இரண்டாக மடிந்து கிடந்தது. அவள் முகம் மூட்டைகளுக்கு அடியில் போயிருந்தது. வெளியே தெரிந்தது ஒரே ஒரு வரி: 'கனடாவில் கலக்குங்க டீச்சர்!'

வாசல் காவலர், வண்டியிலிருந்து யார் இறங்கியது என்பதைக் கவனிக்காமல், அதை மட்டும் நிதானமாக, உதடு அசையப் படித்தார். பிறகு உள்ளே போனார்.

ஓராலியா தலையைக் குனிந்துகொண்டு வரிசையின் கடைசியில் சேர்ந்தாள். முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண்மணி வந்து நின்றாள். வெயிலில் வெந்த முகம், துணிப்பை, வேர் வேராக வெடித்த கைகள்.

காவலர் திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. வரிசையில ஒரு டீச்சர் இருக்காங்கன்னு உள்ள தெரிஞ்சுபோச்சு. ஏழைபாழைங்க வேலையைப் பறிக்க வந்திருக்காங்க. தானா கிளம்பிட்டா மரியாதை. உள்ள வந்து மாட்டினா ஆயுசுக்கும் கறுப்புப் பட்டியல்தான்."

ஒருவரும் கிளம்பவில்லை. எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். ஓராலியா தன் கைகளைச் சால்வைக்குள் ஒளித்தாள்.

பின்னால் நின்றவள் சிரித்தாள். "டீச்சராம்! நல்லா நிழல்ல உக்காந்து பாடம் சொல்றதை விட்டுட்டு எவளாவது வருவாளா? என் பேரு நிக்கனோரா. நீ எந்த ஊரு தங்கச்சி?"

ஓராலியா ஊரைச் சொன்னாள். நிக்கனோரா பையிலிருந்து சோளமாவுக் கொழுக்கட்டை ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தாள். வாங்க நீண்ட கை அப்படியே அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன புள்ள இது, பச்சப்புள்ள கை மாதிரி இருக்கு?"

"தோல் உரிஞ்சிடுச்சுக்கா."

"ஆனைக்கத்தாழைச் சாறா? எனக்கும் அப்பிடித்தான் உரியும். கத்தாழையைச் சீவுறப்போ முழங்கை வரைக்கும் வழியும், அரிச்சுத் தின்னுரும். கேட்டா அதையே சொல்லு."

ஓராலியா அதை மனதில் குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள என்னக்கா கேப்பாங்க?" என்றாள்.

"சோளம் எப்பிடிப் போடுவேன்னு கேப்பாங்க. இது எனக்கு அஞ்சாவது தடவை. ஒரு தடவை பொறப்புச் சீட்டு இல்ல. ஒரு தடவை ரத்த அழுத்தம். ரெண்டு தடவை வரிசை முடியறதுக்குள்ள ஆபீஸை மூடிட்டாங்க. இந்தத் தடவைதான் எல்லாம் சரியா இருக்கு. அடுத்த மாசம் எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க."

"கிடைச்சுரும்க்கா."

"கிடைக்கணும். சுவரெல்லாம் எழுப்பிட்டேன். கூரை மட்டும் கனடாவுல இருக்கு."

"சரி, சோளம் எப்படிக்கா போடுவீங்க?" ஓராலியா சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். பதினொரு வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவளின் குரல் அல்ல அது. விடை தெரியாத பிள்ளையின் குரல்.

நிக்கனோராவுக்குச் சொல்வதில் சந்தோஷம். "ரெண்டாவது மழைக்குக் காத்திருப்பேன். மொத மழை ஏமாத்தும். மண்ணைப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், தட்டினா உதிரணும். குத்துக்கோலால குழி, குழிக்கு நாலு விதை. குழிக்குக் குழி மூணு செருப்புத் தூரம்."

"செருப்பா?"

நிக்கனோரா பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒற்றை ஆண் செருப்பு, கார் டயர் அடி வைத்தது. "என் வீட்டுக்காரர் செருப்பு. அவர் நடந்து நடந்து அளப்பார், நான் பின்னாடியே விதை போடுவேன். அவர் போயி ஏழு வருஷமாச்சு. இப்ப செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நானே குனிஞ்சு குனிஞ்சு அளக்கறேன். என் கால் சின்னது, அளவு மாறிருமில்ல?"

ஓராலியா செருப்பைப் பார்த்தாள். அவளுக்குள் இருந்த நல்ல மாணவி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. உள்ளே இருந்த அதிகாரி இளைஞன். அவன் கை அவள் கையைவிட மிருதுவாக இருந்தது. அந்தக் கையால் அவள் கையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தான்.

"இது என்ன கை?"

"ஆனைக்கத்தாழைச் சாறு சார். சீவுறப்போ முழங்கை வரைக்கும் வழியும். அரிச்சுத் தின்னுரும்."

அவன் காகிதத்தைப் புரட்டினான். "ஆறாம் வகுப்புல மாவட்ட முதலிடமா? வரிசையில ஒரு டீச்சர் இருக்காங்களாமே?"

ஓராலியா பதினொரு வருடம் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி எந்தக் குற்றத்துக்காகத் திட்டினாளோ, அதை ஒப்புக்கொண்டாள்.

"பக்கத்துல பாத்து எழுதிட்டேன் சார்."

அவன் சிரித்துவிட்டான். "சரி. சோளம் எப்படிப் போடுவீங்க?"

சொன்னாள். ரெண்டாவது மழை, உருண்டை மண், நாலு விதை. "குழிக்குக் குழி எவ்வளவு இடைவெளி?" என்றபோது எண்பது சென்டிமீட்டர் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

"மூணு செருப்புத் தூரம் சார். என் வீட்டுக்காரர் செருப்பு. அவர் போயிட்டாரு. இப்ப செருப்பைக் கையில பிடிச்சு நானே குனிஞ்சு குனிஞ்சு அளக்கறேன். என் கால் சின்னது, அளவு மாறிரும்."

"கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கே?"

"பதியலை சார். சேர்ந்து இருந்தோம்."

மிரேயாவின் அப்பா புவெப்லா நகரத்தில் செல்போன் விற்றுக்கொண்டு சௌக்கியமாக இருந்தார். அந்த நிமிடத்தில் செத்துப்போனார்.

அதிகாரி மூக்கை உறிஞ்சினான். "இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லம்மா," என்று சொல்லி முத்திரையைக் குத்தினான். "வேலை அனுமதி, விசா எல்லாத்துக்கும் நாங்களே அனுப்பிடுவோம். வெளிய உக்காருங்க, கோப்பு வரும்."

வெளியே வரும்போது நிக்கனோரா எதிரே வந்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அந்தச் செருப்பைப் பற்றி மட்டும் சொல்லாதீங்கக்கா என்று சொல்ல ஓராலியா வாயைத் திறந்தாள்.

"உள்ள போறவங்களோட பேசக் கூடாது," என்றார் காவலர்.

"நல்லா பேசுங்கக்கா," என்றாள் ஓராலியா.

நீலக் கோப்பு வர அரைமணி நேரம் ஆனது. அதில் அவள் பெயர், ஒரு தோட்டத்தின் பெயர், புறப்படும் தேதி எல்லாம் இருந்தன. இனி மிரேயாவிடம் சொல்ல வேண்டும். அடுப்படிக்கு இனி எலிசெயோவின் தம்பி வரட்டும். அக்காவிடம் கேட்டு, இந்த எட்டு மாதம் மிரேயாவை உள் அறையில் படுக்க வைக்க வேண்டும்.

கதவு திறந்தது. நிக்கனோரா வெளியே வந்தாள். செருப்பு பையில் இல்லை, கையில் இருந்தது. ஓராலியாவின் மடியில் இருந்த நீலக் கோப்பைப் பார்த்தாள்.

"கிடைச்சிருச்சா? நல்லது தங்கச்சி," என்றாள். அவ்வளவுதான். வாசல் வெயிலில் இறங்கிப் போனாள்.

ஓராலியா எழுந்தாள்.

"அவங்களுக்கு என்னாச்சு சார்?"

காவலர் அவள் பக்கமாகக் குனிந்து, சொந்தக்காரியிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயோ கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிருக்கும்மா, செருப்பு வரைக்கும் கையில எடுத்துட்டு வந்து. நீங்க நிஜமா சொன்னதை முன்னாடியே கேட்டிருந்ததால ஐயா டக்குனு கண்டுபிடிச்சிட்டாரு. காலையிலேர்ந்து தேடினோமே ஒரு டீச்சர், அது இந்தம்மாதான்."