சித்தப்பாவை அணையில் தள்ளிய அஞ்சலி அண்ணன்

தன் வீட்டுச் சாவுகளைச் சொல்லி மார்தட்டிக்கொண்ட ஒரே மனிதர் தேனி மாவட்டத்தில், ஏன், இந்தத் தமிழ்நாட்டிலேயே, எங்கள் அஞ்சலி அண்ணன்தான். மற்றவர்கள் தோப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்கள், மகன் அமெரிக்காவில் இருப்பதைச் சொல்வார்கள். இவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், "எங்க வம்சத்துல நெஞ்சடைச்சுச் சாகாத ஆம்பளையே கெடையாது தம்பி" என்று ஆரம்பிப்பார். நம் வீட்டில் எல்லாரும் எண்பது வயதில் சாதாரணமாகச் செத்துத் தொலைத்தார்களே என்று கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வெட்கமாகிவிடும்.

சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வருஷா வருஷம் அப்பா, சித்தப்பா, கூடப் பிறந்த அண்ணன் மூவருக்கும் சேர்த்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நினைவஞ்சலி ஃபிளக்ஸ் வைப்பார். அதனால்தான் ஊருக்கு அவர் அஞ்சலி அண்ணன். ஃபிளக்ஸ் எல்லாரும் வைப்பதுதான். எல்லாரும் 'எங்களை விட்டுப் பிரிந்த' என்று போட்டால், இவர் 'பரம்பரை இதயத் தசை வீக்கத்தால் எங்களை விட்டுப் பிரிந்த' என்று போடுவார். கீழே ஒரு இதயப் படம் வேறு, வீங்கிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியோடு. செத்த காரணத்தை யாராவது போடுவார்களா என்று ஃபிளக்ஸ் கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். "வெறுமன செத்தாகன்னு போட்டா, வேலைவெட்டி இல்லாமச் செத்த மாதிரி இருக்கும்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் அண்ணன்.

அண்ணனுக்கும் அந்த வீக்கம் உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மண்டியில் அதட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே மகள் கயல்விழி, தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மதுரை டாக்டர் சொன்னதன் பேரில் அவளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். குடும்பத்து மரபணு அவளிடமும் இருந்தது. ஆனால் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. நோய் வந்தாலும் வரலாம், கடைசிவரை வராமலே போகலாம், வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். கயல் அழவில்லை. நேராகப் போய் மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்து, பிரீமியத்தையும் கட்டிவிட்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் எழுதினாள். மரபணுவைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. என்றைக்காவது ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அப்பா மண்டியை விற்கக் கூடாது, அதுதான் அவள் எண்ணம்.

விசாரிக்க வந்தார் காப்பீட்டுக் கம்பெனிக்காரர், கழுத்தில் டையோடு. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஃபிளக்ஸ். மனிதர் அதைப் படம் எடுக்க, தன் வம்சத்தை மதிக்க ஒரு ஆள் வந்துவிட்டான் என்று பூரித்துப்போன அண்ணன் அவரைக் கையோடு டீக்கடைக்கு அழைத்துவந்தார். வடை வாங்கிக் கொடுத்து மூன்று சாவையும் விலாவாரியாகச் சொன்னார். தன் நெஞ்சையும் விடவில்லை. கடைசியில், "எம்மகளுக்கும் அதே ஜீன்தான் சார். அப்படியே எங்கப்பா" என்று முடித்தபோது அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. போகும்போது ஒரு சீப்பு நாட்டுப்பழமும் கொடுத்து அனுப்பினார், புண்ணியவான்!

பாலிசி தர முடியாது என்று பதில் வந்தது. பரம்பரை நோய்க்கான மரபணு இருக்கிறதாம். கட்டிய பணமும் திரும்பி வந்தது. இன்னொரு கம்பெனியோ, இவர்கள் மறுத்ததைக் கேட்டதுமே நழுவிக்கொண்டது. கயல் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், மாத்திரையை எடுத்து வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. வாயாலேயே வாழ்ந்த மனிதர் அண்ணன், துடித்துப்போனார்.

துடித்தவர் சும்மா இருந்திருக்கலாம். மறுவாரமே புது ஃபிளக்ஸ் வந்தது. அப்பா மேகமலையில் யானை மிதித்தும், சித்தப்பா வைகை அணையில் தவறி விழுந்தும், கூடப் பிறந்த அண்ணன் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தும் எங்களை விட்டுப் பிரிந்திருந்தார்கள். இதயம் இருந்த இடத்தில் யானை நின்றது. அம்புக்குறியை எடுக்க மறந்திருந்தார்கள். அது யானையின் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், மூன்று பேருமே வெளிக்காரணத்தில் செத்துவிட்டார்கள் என்றார் தினமும் கூட உட்கார்ந்து டீ குடிக்கும் என்னிடம், ரொம்பத் திருப்தியாக.

முதலில் வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, எந்த யானை, எப்போது மிதித்தது என்று குடைந்தெடுத்தார். அவரைச் சமாளித்து அனுப்புவதற்குள் ஆண்டிபட்டியிலிருந்து சித்தி வந்து இறங்கினார், அணையில் விழுந்ததாகப் போட்டிருந்த அதே சித்தப்பாவின் மனைவி.

"உங்க சித்தப்பா வெந்நி இல்லாமக் குளிக்க மாட்டாகளே. அவுக எதுக்குடா அணைக்குப் போனாக? யாரு கூடப் போனாக?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அண்ணன் ஆடிப்போனார். செத்து எத்தனையோ வருஷமான சித்தப்பாவின் ஒழுக்கத்துக்காகக் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தபிறகுதான் சித்தி பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் கயல் மண்டிக்கு வந்தாள். நானும் இருந்தேன். அத்தனை நாள் கழித்து அப்பாவிடம் வாயைத் திறந்தாள்.

"தாத்தாவ யானை மிதிச்சுச்சுன்னு எழுதிட்டா என் ரத்தம் மாறிருமாப்பா? எனக்கு இன்னும் ஒண்ணுமே வரல. வராத நோய்க்கு நான் ஏன் ஒளியணும்?"

அண்ணன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். தானே ஏணியைப் போட்டு ஃபிளக்ஸைக் கழற்றினார்.

தேனியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். மரபணு இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல, பரம்பரையைக் காட்டி ஒரு ஆளை ஒதுக்குவது பாகுபாடு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி தராததற்கு முறையிடலாம் என்று தைரியம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார், விசாரணையில் அப்பா பேசக் கூடாது.

முறையிட்டோம், விசாரணை வீடியோவில் நடந்தது. மண்டியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால், ஒரு வாழைத்தாரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காப்பீட்டுக் குறைகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி ஒரு அம்மா. கம்பெனித் தரப்பு முதல் ஃபிளக்ஸின் படத்தைக் காட்டியது. அந்த அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க அப்பா எப்படி இறந்தார்?" என்று நேராக அண்ணனையே கேட்டுவிட்டார். திரையின் மூலையில் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். போச்சுடா, யானை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நெஞ்சுதாம்மா" என்றார் அண்ணன். "மூணு பேருக்கும் நெஞ்சுதான். எனக்கும் இருக்கு. போர்டு வச்சு ஊருக்கெல்லாம் சொன்னவனும் நாந்தான். சத்தமாப் பேசிக்கிட்டே இருந்தா அந்தச் சனியன் கிட்ட வராதுன்னு ஒரு நெனப்பு. இவ பொறந்த அன்னையிலருந்து எனக்குப் பயம்மா. எம்மூக்கு இவளுக்குப் போச்சு, எங்கோவம் போச்சு, இதுவும் போயிருச்சு. இவ கேட்டு வாங்கல, நாங் குடுத்தது. தண்டிக்கணும்னா என்னையத் தண்டிங்க. எம்மக நல்லா இருக்கா."

லாரியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கயல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா உத்தரவு போட, பாலிசி வந்தது, இதய நோயையும் சேர்த்துத்தான். அப்பாவும் மகளும் வருஷம் தவறாமல் மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவளுக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. அண்ணனுக்கும் மாத்திரையில் வண்டி ஓடுகிறது. எனக்குத்தான் ஒரு கோளாறு வந்திருக்கிறது. காலையில் அண்ணன் டீக்கடைக்கு வரக் கொஞ்சம் தாமதமானாலும், எந்த டாக்டரும் இதுவரை ஒரு குறையும் சொல்லாத என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.