தண்ணீர் கேட்காத தோட்டம்

இனி இந்த ஜன்மத்தில் எந்தச் செடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று நம்மவர் சபதம் எடுத்தபோது அவர் கையில் ரப்பர் குழாய் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது அவர் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது. சபதம் எடுக்க அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்கவில்லை.

நம்மவருக்குச் செருப்புக் கடையில் வேலை. விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை அடுத்தவர் காலைப் பிடித்துத்தான் பிழைப்பு. முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வந்தவர் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, "கொஞ்சம் கட்டை விரலை மடக்குங்க சார்" என்று கெஞ்சி, ஷூவைத் திணித்து, கழற்றி, "இதே மாதிரி கறுப்புல இருக்கா?" என்றதும் மாடிக்கு ஓடி, இறங்கி, மறுபடி குனிந்து... வீடு வந்து சேரும்போது முதுகு கேள்விக்குறியாக வளைந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக வாசலில் ரப்பர் குழாய் காத்திருக்கும்.

வீட்டுக்கு முன்னால் புல்தரை. வீட்டை விற்றுவிட்டுப் போன புண்ணியவான் எங்கிருந்தோ வரவழைத்து வளர்த்த புல். ஒரு வேளை தண்ணீர் தப்பினால் பழுப்பாகிவிடும். அது போதாதென்று அம்மணி சில மாதங்களாகத் தொட்டி தொட்டியாகப் பூச்செடி வாங்கி வந்து இறக்கினாள். எல்லாமே வாயில் நுழையாத பேர். வெயில் பட்டால் வாடும். நிழலில் வைத்தால் பூக்காது. காற்று அடித்தால் சாயும். சம்பந்தி வீட்டார் மாதிரி, என்ன செய்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அம்மணி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மிஷின். அங்கிருந்தபடியே துணியையும் பார்ப்பாள், தோட்டத்தையும் பார்ப்பாள், நம்மவரையும் பார்ப்பாள். எதில் எந்த இடம் தொய்ந்திருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

"என்னங்க, அந்த மூலைத் தொட்டிக்கு விழல."

"விழுந்துச்சு."

"மண்ணு காஞ்சிருக்கே."

"நான்கூடத்தான் காஞ்சு கெடக்கேன். எனக்கு யாரு ஊத்தறா?"

"அதுக்கென்ன, குழாய் உங்க கையிலதானே இருக்கு."

நம்மவருக்குப் பேராசை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கடைக்கு விடுமுறை. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, யாரும் "என்னங்க" என்று கூப்பிடாமல் ஒரு தூக்கம். அவ்வளவுதான். ராஜா ராணி கதையில்கூட இதைவிடச் சின்ன வரத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் புல் வெட்டும் நாள், தொட்டி மாற்றும் நாள், பூச்சி மருந்து அடிக்கும் நாள்.

வழி பிறந்தது ஒரு ஷூவிலிருந்து. புது ஷூவின் மூக்கு நசுங்காமல் இருக்க உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருப்பார்கள். ஒரு நாள் வலது கால் ஷூவிலிருந்து உருவிய தாளில் ஒரு கட்டுரையின் முதல் பாதி இருந்தது. 'அந்தந்த மண்ணுக்கே உரிய செடிகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மழையே போதும்.' பின்பாதி இடது கால் ஷூவில் இருந்தது. அதைக் கடை பெருக்குகிற அம்மாள் வாரிக்கொண்டு போய்விட்டாள். நம்மவர் கவலைப்படவில்லை. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இதற்குமேல் ஒரு கட்டுரையில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெரிய மனுஷத் தோரணையில் ஆரம்பித்தார்.

"இங்க பாரு, உலகத்துல தண்ணிப் பஞ்சம் வரப்போகுது."

அம்மணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அதனால?"

"இந்தப் புல்லை எடுத்துடலாம். தொட்டியில இருக்கற மகாராணிங்களையும் யாருக்காவது குடுத்துடலாம். நம்ம மண்ணுச் செடியா வைப்போம். நொச்சி, ஆவாரை, வெட்சி, தும்பை. மழைத் தண்ணியே போதும். பூமிக்கு நல்லது."

"பூமி மேல எப்போலேருந்து இந்தப் பாசம்?"

"ஏன், நானும் பூமியிலதானே இருக்கேன்?"

"வேண்டாங்க." அம்மணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "புல்லு அழகா இருக்கு. அதைப் பேர்த்தெடுக்கறது லேசுப்பட்ட வேலையா? கூலிக்கு ஆள் வந்தா மேலால சுரண்டிட்டுப் போயிடுவான், மறு வாரமே முளைச்சு நிக்கும். பேசாம குழாயை எடுத்துட்டுப் போங்க."

"ஆள் எதுக்கு? நானே எடுக்கறேன்."

தவளை தன் வாயால் கெட்டது. அது நம்மவருக்கு மறு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். மண்வெட்டி திரும்பி வந்தது. மேலே பட்டுப்போலத் தெரிந்த புல், கீழே கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன சார், கிணறு வெட்டறீங்களா?" என்று விசாரித்தார். "பூதம் கிளம்பினா கூப்பிடறேன்" என்றார் நம்மவர். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. திங்கட்கிழமை கடையில் குனிந்தால் நிமிர முடியவில்லை. ஒரு வாடிக்கையாளர் தன் காலில் விழுந்து கிடப்பவரைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "இருக்கட்டும், எழுந்திருங்க. ரெண்டு ஜோடியா எடுத்துக்கறேன்" என்றார்.

ஆனாலும் நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த வேலை ஒரு தடவைதான். அப்புறம் ஆயுசு பூராவும் தூக்கம்.

புல் போனது. இனி செடி வாங்க வேண்டும்.

"எங்க வேணும்னாலும் வாங்குங்க" என்றாள் அம்மணி. "பஸ் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு நர்சரி இருக்கு, அங்க மட்டும் வேண்டாம். அந்தம்மாவுக்குப் பேச்சு ஜாஸ்தி."

நம்மவர் நேராக அங்கேதான் போனார். பெண்டாட்டியை எதிர்த்து ஒரு கடைக்காவது போக முடிகிற சுகம் இருக்கிறதே, அது தனி.

நர்சரிக்கார அம்மாள் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தாள். கூடவே சொன்னாள்: "வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி ஊத்தணும் சார்."

"தண்ணியா? வேண்டாம்னு போட்டிருந்துச்சே."

"எதுல போட்டிருந்துச்சு?"

"வலது கால் ஷூவுல."

அந்த அம்மாள் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "மொதல் கோடை தாண்டணும் சார். பெத்த அன்னிக்கே கொழந்தையைக் கடைக்கு அனுப்புவீங்களா? நொச்சியை வேலியோரமா வைங்க, வெட்சியை வராந்தா பக்கமா வைங்க. குழியை ஆழமா எடுங்க. காஞ்ச இலையை வாரி வேரைச் சுத்திக் கனமாப் போடுங்க, ஈரம் நிக்கும். கூரைத் தண்ணி செடிப் பக்கமா ஓடற மாதிரி வாய்க்கால் வெட்டிடுங்க."

இடது கால் ஷூவில் என்ன இருந்தது என்று நம்மவருக்கு அப்போதுதான் விளங்கியது.

வேறு வழியில்லை. புல்லை எடுத்தாயிற்று, தொட்டிகளை எதிர்வீட்டுக்காரர் தலையில் கட்டியாயிற்று. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அந்தக் கோடை முழுவதும் நம்மவர் குழி எடுத்தார், தெருவெல்லாம் இலை பொறுக்கினார், வாய்க்கால் வெட்டினார், வாளியில் தண்ணீர் சுமந்தார். சமையலறையில் காய் கழுவிய தண்ணீரை அம்மணி "கொட்டிடட்டுமா?" என்றுதான் கேட்டாள், இவர்தான் பாய்ந்து போய்ப் பாத்திரத்தைப் பிடுங்கினார். ஆவாரை இலையில் பச்சைப் புழு வந்தபோது, "மருந்து வாங்கி அடிங்க" என்றாள். "முடியாது, அது பட்டாம்பூச்சியா மாறும்" என்று அவளிடமே பாடம் நடத்தினார்.

மழை வந்தது. வந்து, நின்று, போனது. அதற்குப் பிறகும் செடிகள் வாடவில்லை.

நொச்சி வேலியோரம் தோள் உயரம் நின்றது. ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கொட்டியது. வெட்சிக் கொத்தில் எங்கிருந்தோ ஒரு குட்டிக் குருவி வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தது. புழுவெல்லாம் மஞ்சள் பட்டாம்பூச்சியாகிப் பறந்தது. நம்மவர் வராந்தாவில் நின்று பார்த்தார். இத்தனை வருஷம் எத்தனையோ ஷூ விற்றிருக்கிறார், எல்லாம் அவரைவிட்டு நடந்து போய்விட்டன. இது மட்டும்தான் அவர் கையால் வைத்து, வைத்த இடத்திலேயே நிற்கிறது. நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அப்புறம் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். வயிறு நிறைந்திருந்தது. குழாய் சுருண்டு மூலையில் கிடந்தது. நம்மவர் காலை நீட்டினார். கண் சொருகும் நேரம் பார்த்து கேட் திறந்தது.

நர்சரிக்கார அம்மாள். "தைக்கக் குடுத்திருந்தேன், வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்." தோட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அடேயப்பா! அம்மா நினைச்ச மாதிரியே வந்திருக்கே!"

நம்மவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். ரெண்டு வருஷமா எங்கிட்ட வந்து பாத்துப் பாத்துப் போவாங்க. நொச்சி எங்க, வெட்சி எங்கன்னு எல்லாம் அவங்க முடிவு பண்ணதுதான். புல்லை எடுக்கத்தான் ஆள் அமையலன்னு சொல்லிட்டிருந்தாங்க."

நம்மவர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். "அப்புறம் எதுக்கு அத்தனை தொட்டி வாங்கினா?"

"அதுவா? என்கிட்ட சவலையாக் கெடந்த செடிங்க. தூக்கிப் போடறதா இருந்தேன். 'இருக்கறதுலயே ரொம்பத் தண்ணி கேக்கறதா பாத்துக் குடு, அவரா ஒரு வழிக்கு வருவாரு'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

சொல்லிவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் போய்விட்டாள். பேச்சு ஜாஸ்தி என்று அம்மணி சொன்னது மட்டும் பொய்யில்லை.

நம்மவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். முதுகு தானாக நிமிர்ந்திருந்தது. அவ்வளவு கோபம்.

"ஆக, இதெல்லாம் உன் வேலை?"

"எதெல்லாம்?" மிஷின் நிற்கவில்லை.

"என்னைப் புல்லு வெட்ட வெச்சது, குழி எடுக்க வெச்சது, தெருத்தெருவா இலை பொறுக்க வெச்சது!"

மிஷின் நின்றது. அம்மணி நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள். "நான் வெச்சேனா? புல்லை எடுக்க வேண்டாம்னேன். அந்த நர்சரி வேண்டாம்னேன். மருந்து அடிங்கன்னேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நம்மவர் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் உண்மை. கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. இத்தனை நாளும் எதிர்த்து எதிர்த்தே ஒரு மனுஷன் அடிமையாகியிருக்கிறான். அப்படியானால் விடுதலைக்கு ஒரே வழிதான் உண்டு. அதைக் கண்டுபிடித்த பெருமையோடு அவர் அறிவித்தார்.

"இனிமே உன் வித்தை பலிக்காது. எதிர்த்துப் பேசவே மாட்டேன். நீ என்ன சொல்றியோ அதை அப்படியே செய்வேன். தெரிஞ்சுக்கோ."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அம்மணி துணியை மடித்து வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்து ஆசையாகச் சிரித்தாள்.

"அப்போ அந்த மண்வெட்டியை எடுத்துட்டு வாங்க. மொட்டை மாடிக்கு மண்ணு ஏத்தணும்."