ஓரம் போன ஒரு ரூபாய்

பாரத நாட்டின் நாணயச் சாலைகள் செய்யும் தவறுகளைத் தேடிப் போற்றிப் பாதுகாக்கும் பெரும் பொறுப்பை, 1998-இல் பெங்களூர் ஜீவனஹள்ளியில் நான்கு பேர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவர் சேஷகிரி அரசுப் பணியில் முப்பது வருடம் பிறர் கோப்புகளில் பிழை கண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகன் வங்கிக் கேஷியர். வங்கிக்கு வரும் ஒரு ரூபாய்க் காசுகள் பை பையாக எங்கள் ‘ஆராய்ச்சிக் கூடத்துக்கு’, அதாவது தலைவரின் சாப்பாட்டு மேஜைக்கு, வந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். பிழையில்லாத காசெல்லாம் ‘மறு ஆய்வுக்காக’க் கட்டிலடிக்குப் போகும். ஏழு மாதத்தில் கட்டிலடி நிரம்பி, தலைவரின் மனைவி ஜெயலக்ஷ்மி அரிசி டிரம்மையும் ஆராய்ச்சிக்குத் தானம் செய்ய நேர்ந்தது.

அதே ஏழு மாதத்தில் வட்டாரத்தில் சில்லறை அற்றுப்போனது தற்செயல்.

எதிர்ச் சந்தில் டீக்கடை வைத்திருந்த பெர்னதெத் எங்கள் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

“சார், மீதிக்கு மிட்டாய் குடுத்துக் குடுத்து ஒருத்தரும் கடைக்கு வர்றதில்ல. எல்லாம் சிவாஜிநகர் போய்க் குடிக்குறாங்க. நீங்க ஒதுக்குற நல்ல காசுல ஒரு பை குடுங்க, நோட்டு தர்றேன். இல்லேன்னா இந்த மாசத்தோட கடைய மூடணும்.”

மறு ஆய்வு முடியாத காசை வெளியே விடுவது விதிக்கு முரண் என்று தலைவர் விளக்கினார். அந்த விதியைப் போன வாரம்தான் எழுதியிருந்தோம். ஆனாலும் கருணையோடு ‘மனு’வை ஏற்று, நால்வர் துணைக்குழு அமைத்தோம். அது அடுத்த மாதம் இரண்டாம் தேதி கூடும்.

கூடியது. அன்றுதான் அந்த அற்புதம். முத்திரை ஓரமாக நழுவி, பாதி மொட்டையாக ஒரு ரூபாய்! என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நான் செயலாளர் ஞானசேகரனைக் கட்டிப்பிடித்தேன். அவர் தலைவரைக் கட்டிப்பிடித்ததில் பூதக்கண்ணாடி உடைந்தது. மனு யார் நினைவிலும் இல்லை.

“ஸ்வல்ப இருங்கோ, டீ குடிச்சுக் கொண்டாடலாம்” என்றார் தலைவர்.

காசைத் தாம்பாளத்தில் ஏந்தி ஊர்வலமாகப் போனோம். கடை பூட்டியிருந்தது. பெர்னதெத் அடுப்பையும் பாத்திரத்தையும் விற்றுவிட்டு, ஈஜிபுராவில் ஏதோ வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறார் என்று பக்கத்துத் தையல்கடைக்காரர் சொன்னார்.

தலைவர் பூட்டை நெருங்கிப் பார்த்தார். நாங்களும் முறைப்படி ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தோம். மயிரிழை நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கண்கள் எங்களுடையவை. பிழை ஏதும் தென்படவில்லை என்று ஏகமனதாகக் குறிப்பேட்டில் பதிவு செய்தோம்.