பீரில் நனைத்த துண்டு

ஆறடி தோண்டினால் உப்புத் தண்ணீர் வருகிற மண்ணில் மூன்று மாடி கட்டியவன் நான். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்து தணிகாசலம் என்று கேட்டால் முழிப்பார்கள். ‘டேங்க்கு தணிகாசலம்’ என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும். படிப்பு அஞ்சாங்கிளாஸ். வெல்டிங் கடையில் சிலிண்டர் உருட்ட ஆரம்பித்து, சொந்தப் பட்டறை போட்டு, எண்ணூர் வரைக்கும் உள்ள கம்பெனிகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்து கொடுத்தேன். “இந்த மண்ணு மாடி தாங்காது” என்று சொன்ன இன்ஜினியர் இப்போது என் இரண்டாவது மாடியில்தான் குடியிருக்கிறார். (மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.) கடைசிப் பெண் மேனகாவைக் கெமிக்கல் இன்ஜினியர் ஆக்கினேன்.

இத்தனையும் கட்டிய இதே கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணின் கல்யாணத்தையே இடிக்கப் பார்த்தது. நான் எழுதாவிட்டால் என் மனைவி சகுந்தலா சொல்லும் கதைதான் ஊரில் நிற்கும். அதில் நான் ரொம்ப மோசமாக வருகிறேன்.

மேனகாவுக்குப் பெங்களூரில் வேலை. பின்னால் பீர் காய்ச்சி, முன்னால் சுடச்சுட, சே, குளுகுளுவென்று ஊற்றிக் கொடுக்கிற இடம். காய்ச்சுவது அவள்தான். (தெருவில் கேட்டவர்களிடம் ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன்.) அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிற வியாசர்பாடிப் பையன் பிரபுவை அவளே பார்த்து, அவளே முடிவும் செய்துவிட்டாள். தங்கமான பையன். தடை ஒன்றே ஒன்றுதான்: அவனுடைய அம்மா பேபியம்மா.

பேபியம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தவர். பெண் பார்க்க வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

“பொண்ணு தங்கம்ணே. ஆனா அந்த வேல வேணாம். அந்த வாட என் வூட்டு வாசப்படிய இனிமே தாண்டக்கூடாது.”

மேனகா என் மகளாயிற்றே, வேலையை விட மாட்டேன் என்றாள். பிரபு இரண்டு கோலுக்கும் நடுவில் பந்து மாதிரி கிடந்தான். கடைசியில் மேனகாதான் கேட்டாள்: “ஒரே ஒரு தபா வந்து பாருங்க அத்த. பாத்துட்டு வேணாம்னா அப்பால பேசலாம்.”

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி, ருசி பார்க்கவும் கொடுப்பார்கள். நானும் சகுந்தலாவும் பேபியம்மாவும் வேன் பிடித்துக் கிளம்பினோம்; பிரபு அங்கே வந்து சேர்ந்துகொண்டான். வாசலிலேயே மேனகா என்னை ஓரமாக இழுத்தாள்.

“நைனா, ஒரு மணி நேரம். வாயத் தொறக்காத. எதையும் தொடாத.”

“நான் இன்னா கொயந்தையா?”

“கொயந்தைன்னா இடுப்புல தூக்கி வெச்சிக்கலாம். உன்ன இன்னா பண்றது?”

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முளைகட்டி வறுத்த பார்லியைக் கையில் கொடுத்தார்கள். பேபியம்மா இரண்டு மணியை மென்று பார்த்து, “பொரி மாரி கீதே” என்றார். முகம் லேசாக இளகியது. சகுந்தலா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. (ஒரு டேங்க்கின் வெல்டிங்கை மட்டும் நகத்தால் தடவி, “பரவால்ல” என்றேன். அது பாராட்டு. பேச்சில் சேராது.)

பிறகு டேங்க்குகளுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு, பலகையில் குட்டிக் குட்டி கிளாஸ்களில் பீர் வைத்தார்கள். பேபியம்மாவுக்கு எலுமிச்சை ஜூஸ். மேனகா அடுத்த கூட்டத்துக்கு விளக்கம் சொல்லப் போனாள். அப்போதுதான் அந்தப் பக்கெட்டைப் பார்த்தேன். ஒரு டேங்க்கிலிருந்து குழாய் இறங்கி, பக்கெட் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டால் சூடே இல்லை!

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூக்குதான் முதல் படிப்பு. சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள்; காற்று மாத்தூர்ப் பக்கமிருந்து வந்தால் ஒரு நெடி, எண்ணூர்ப் பக்கமிருந்து வந்தால் வேறு நெடி. நெடி கூடினால் என்ன செய்வது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். துணியை நனை, மூக்கில் வை, பக்கத்தில் இருப்பவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடு.

குனிந்து பக்கெட்டில் மூக்கை வைத்து ஒரு இழு இழுத்தேன். மூக்கிலிருந்து உச்சந்தலை வரைக்கும் சுருக்கென்று ஊசி ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தேகமே இல்லை.

குழாயில் இருந்த வால்வைப் பிடித்து இறுக்க மூடினேன். பட்டறையில் கத்திப் பழகிய தொண்டையில் கத்தினேன்.

“கேஸு! கேஸு வுட்டுகினு கீது! எல்லாம் ஓடுங்க!”

துண்டை நனைக்க மேஜையில் தண்ணீர் இல்லை. பீர் இருந்தது. பலகையில் இருந்த அத்தனை கிளாஸையும் துண்டில் கவிழ்த்தேன். பக்கத்தில் எலுமிச்சை ஜூஸோடு நின்றவர் பேபியம்மா. சொட்டச்சொட்ட அந்தத் துண்டை அவர் முகத்தில் அப்பி, தோளைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டே ஓடினேன். (“மூச்ச நல்லா இழும்மா!” என்று வேறு சொன்னேனாம். பிரபு சொல்கிறான்.)

முன்பக்கம் குடித்துக்கொண்டிருந்த கூட்டமும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடி வந்தது. ஒருவன் அழுதான். ஒருவன் பாடினான். ஒருவன் மட்டும் அத்தனை ஓட்டத்திலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்து நின்றான்.

மேனகா வெளியே வந்தாள். ஒரு பாட்டில் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, ஓங்கி ஒரு கைதட்டு. கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் சொன்னாள்: “ஒக்காருங்க. கிளாஸ கீழ வைங்க. கூட வந்தவங்க கையப் புடிச்சிக்கோங்க.” அத்தனை பேரும், பாடினவன் உட்பட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நைனா, இன்னா தொட்ட?”

“பக்கெட்டுக்கு மேல இருந்த வால்வு. மூடிட்டேன். பயப்படாத.”

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். திரும்பி வந்தபோது தலை முதல் கால் வரை நுரை.

“ஒண்ணும் இல்ல. பீர் புளிக்கறப்ப வர்ற காத்து. அது வெளிய போற வழிய எங்க நைனா அடச்சிட்டாரு.”

கூட்டம் சிரித்தது. எங்கள் ஐந்து பேரில் யாரும் சிரிக்கவில்லை. சகுந்தலா என்னைப் பார்த்த பார்வையை எழுத அஞ்சாங்கிளாஸ் படிப்பு போதாது.

பேபியம்மா முகத்திலிருந்து துண்டை மெதுவாக எடுத்தார். மோந்து பார்த்தார்.

“அவரு போனதுலேர்ந்து இந்த வாடைய வூட்டாண்ட சேத்ததில்ல. நீ மூஞ்சிலயே பூசிட்டியே அண்ணே.”

“தண்ணி கெடைக்கலம்மா...”

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வூட்டுக்காரர ஒக்கார வெச்சி ஒரு வாய் சோறு துன்ன வெக்கறதுக்கு நான் படாத பாடு பட்டேன். காலப் புடிச்சேன், புள்ளைய முன்னாடி நிக்க வெச்சேன். ஒரு நாளும் ஒக்காரல. லைன்ல அத்தினி பொம்பளைங்கள மேய்ச்சவ நான், அந்த ஒரு ஆள ஒண்ணும் பண்ண முடியல. இவ இன்னாடான்னா ஒரு கைதட்டுல குடிச்ச கூட்டத்தையே ஒக்கார வெச்சிட்டா!”

மேனகாவின் நெற்றியில் இருந்த நுரையை அவரே கையால் வழித்துவிட்டார்.

“வேலய வுடாத. வூட்டுக்கு வர்றதுக்கு முன்ன குளிச்சிட்டு வா.”

“அங்கயே குளிச்சிட்டுதான் அத்த வருவேன்,” என்றாள் மேனகா.

நிச்சயதார்த்தத்துக்கு பேபியம்மா கொண்டுவந்த தட்டில் பூ, பழம், வெற்றிலைக்கு நடுவே என் துண்டு இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, மஞ்சள் தடவி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் சோடா பாட்டில் திறந்தாலும் குடும்பமே கையில் கிடைத்த துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கேஸு வுட்டுகினு கீது!” என்று கத்துகிறது. சத்தமாகக் கத்துவது சம்பந்தியம்மாதான்.

கத்தட்டும். ஆனால் ஒன்று. கல்யாண மேடையில் சம்பந்தியம்மா மைக்கைப் பிடித்து மேனகாவைப் பாராட்டினார். மேனகாவின் முதலாளி, டேங்க் ரூமில் இப்போது புதிதாகப் பெரிய காற்றாடியும் கேஸ் அலாரமும் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். (மூடின ரூமில் அந்தக் காற்று சேர்ந்தால் ஆளையே சாய்க்குமாம். மேனகாவே ஒத்துக்கொண்டாள்.) பிரபு எல்லாருக்கும் நன்றி சொன்னான், பந்தி பரிமாறியவர்களுக்குக்கூட. நான் முதல் வரிசையில், மடிப்புக் கலையாத அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேர் வரவே இல்லை.

நான் வால்வை மூடாமல் இருந்திருந்தால் கூட்டம் ஓடியிருக்குமா? ஓடாத கூட்டத்தை மேனகா எப்படி உட்கார வைத்திருப்பாள்? இந்தச் சம்பந்தத்தை முடித்தது என் மூக்கு. அடுத்த மாதம் மேனகாவுக்கு வளைகாப்பு வருகிறது, மைக் செட்டுக்கு நானே சொல்லியாகிவிட்டது. யாராவது ஒருத்தர் அதை மைக்கில் சொல்லியே ஆகவேண்டும்.